தார்வார் விண்ணப்பமும் அதன் வழிவந்தவையும்

1856 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பம்பாய் மாகாணத்துத் தார்வார் நகரில் மகர் குலத்துச் சிறுவன் ஒருவன் அரசினர் பள்ளியில் சேர இடம் கேட்டான். இடம் மறுக்கப்பட்டது. அத்துடன் அவன் வீடு திரும்பியிருந்தால் அவனைப் பற்றி நாம் இன்று ஒரு சொல்லும் அறிந்திருக்க மாட்டோம். அவனோ பம்பாய் அரசாங்கத்துக்கே விண்ணப்பம் செய்தான். நம் வரலாற்றில் கல்வி நிலையம் ஒன்றின்மீது மாணவன் ஒருவன் எழுத்து மூலம் தொடுத்த முறையீடுகளுள், ஆவணத்தில் தெளிவாகப் பதிந்து நிற்கும் மிகப் பழைய முறையீடு இதுவே என்று சொல்லலாம்.

அவ்வாண்டு ஜூலை 21 ஆம் நாள் பம்பாய் அரசாங்கம் தன் முடிவைத் தெரிவித்தது. நியாயம் விண்ணப்பதாரரின் பக்கமே இருக்கிறது என்பதை அரசாங்கம் மறுக்கவில்லை. ஆயினும் பல காலமாக ஊறிய வேற்றுமையுணர்வை ஒரே நாளில் மாற்ற இயலாது. சாதி இந்துக்கள் பயிலும் பள்ளியில் சேரவேண்டும் என்று இதுவரை கேட்டு வந்தவன் இந்த ஒருவன்தான். ஒருவனைச் சேர்த்தால் மற்ற மாணவர் அனைவரும் விலகிப் பள்ளியே பயனற்றுப் போகும். ஆகவே தலையிடுவதற்கில்லை என்று அரசாங்கம் கைவிரித்தது. நியாயம் உன்னுடையது, இடம் உன்னுடையதன்று என்ற இந்த விடையை நம் மாணவர்கள் இன்றும் வேறு வேறு சொற்களில் கேட்டு வருகின்றனர்.

செய்தி அதனோடு முடியவில்லை. கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கம் இம்முடிவைக் கண்டு, வங்க மாகாணத்தில் இத்தகைய சிறுவன் எந்த அரசினர் பள்ளியிலும் மறுக்கப்பட்டிருக்க மாட்டான் என்று கருத்துத் தெரிவித்தது. இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் அவை 1858 ஏப்ரலில், அரசினர் கல்வி நிலையங்கள் எல்லா வகுப்பினருக்கும் பொதுவானவை என்று விதித்தது. ஒரு சிறுவனின் தாள் தார்வாரிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் சென்றது. அந்த இடைவெளியில்தான், 1857 இல், கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின என்பதும் நினைக்கத்தக்கது. அண்ணல் அம்பேத்கர் 1928 இல் சைமன் குழுவினருக்கு அளித்த கல்வி அறிக்கையில் இந்தத் தார்வார் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தாள் பேசிற்று. வாய்ச்சொல்லாக இருந்திருப்பின் பேசியிராது.

'ஒருவன்தானே கேட்கிறான்' என்ற அந்த விடைக்கு மறுவிடை நம் தமிழ் மண்ணிலிருந்தும் எழுந்தது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூர்க் கலாசாலையில் பயின்ற காலத்தைத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற நூலில் குறித்திருக்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். தம் குலமும் ஊரும் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால் அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. பிள்ளைகளோடு விளையாடவும் இல்லை. பள்ளி தொடங்குமுன் வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் சென்றார். வகுப்பு கலைந்ததும் விரைந்து வீடு சேர்ந்தார். இவ்வாறு வாழ்ந்த மாணவன் யாரிடம் முறையிடுவான்? முறையீட்டின் முதல் வரியிலே பெயர் எழுதவேண்டும். பெயரைத் தொடர்ந்து ஊர் வரும். ஊரைத் தொடர்ந்து தெரு வரும். எதை மறைத்து அவர் கல்வி பெற்றாரோ அதைத் தம் கையாலேயே எழுதித் தரவேண்டியிருக்கும். முறையிடாமல் இருந்ததைக் கோழைமை என்று எண்ணுவோர் இந்த ஒரு செய்தியை நன்கு சிந்திக்க வேண்டும்.

அதே சீனிவாசன்தான் 1893 இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். மறைத்த பெயரை முகப்பில் அச்சிட்டார். இந்திய சிவில் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் என்று காங்கிரசார் கேட்டபோது, அதனால் உயர்சாதியினரே அதிகாரத்தில் நிறைவர் என்று கூறி, 3412 பேருடைய கையொப்பத்துடன் எதிர் விண்ணப்பம் ஒன்றை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அவ்விண்ணப்பத்தின் நோக்கத்தை இன்று ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் 'ஒருவன்தானே' என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கான ஆணையை வெளியிட்டது. செங்கற்பட்டு மாவட்டத்து ஆட்சியர் திரெமென்கீர் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு அதற்கு முன்னரே அரசின் கைக்கு வந்திருந்தது. ஆட்சியர் எழுதினால் ஆணை பிறக்கும். அதே துன்பத்தைப் பட்டவன் எழுதினால் கோப்பில் உறங்கும் என்பது அக்காலத்து நடைமுறை. அதனாலேயே சட்டமன்றத்துள் நம்மவர் குரல் நுழைந்தது ஒரு பெரிய திருப்பமாயிற்று. 1920 இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராய்த் தம் வாழ்வைத் தொடங்கியவர். 1924 இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் யாவும் எல்லார்க்கும் உரியவை என்ற அரசாணை பிறந்தது. கல்லூரிக்குப் போகும் பாதையிலே நடக்க உரிமை இல்லாதவனுக்குக் கல்லூரியில் இடம் கொடுத்து என்ன பயன்!

அண்ணல் அம்பேத்கரின் முறைகளை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவரும் தனி மாணவனாக அவமதிப்புக்களைப் பட்டவர். 1918 இல் சைதனாம் கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்த பின்னரும், ஆசிரியர் அறையின் நீர்ப்பானையை அவர் தொடுவதை உடன் ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். ஆயினும் அவர் தம் முறையீடுகளைத் தம்மைப் பற்றியதாக ஆக்கிக்கொள்ளவில்லை. 1927 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் மன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, பல்கலைக்கழகத்தை ஆளும் அவையிலே ஒடுக்கப்பட்டோர்க்கு இடம் வேண்டும் என்று வாதாடினார். முறையீட்டைக் கேட்கும் மேசைக்கு அந்தப் பக்கத்திலும் நம்மவர் அமரவேண்டும் என்பது அதன் பொருள்.

1942 அக்டோபரில், வைசிராயின் நிருவாக அவையில் தொழில்துறை உறுப்பினராய் இருந்த அண்ணல், பட்டியல் வகுப்பினரின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு நீண்ட மனுவை அளித்தார். அதில் கல்விக்குத் தனிப் பகுதி இருந்தது. வேறு சமூகங்களின் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் மானியம் தருவதை எடுத்துக்காட்டி, எம்மவர்க்கு என்ன தந்தீர்கள் என்று தொகைக் கணக்கோடு கேட்டார். அதன் விளைவாக ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944 இல் தொடங்கிய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது. இந்த மலரை வாசிக்கும் பட்டதாரிகளில் பெரும்பாலோர் அத்தொகையால் படித்தவர்கள். நாம் பெற்ற உதவித்தொகை ஒரு குறைமனுவின் பயன் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

குடியரசு மலர்ந்த பின் நீதிமன்றத்தில் முதலில் வென்ற மாணவர் முறையீடு நம்முடையதன்று, நமக்கு எதிரானது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் 1951 இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. அவ்வம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விண்ணப்பியாதவரின் குறைக்கும் நாட்டின் உயர்ந்த மன்றம் செவிசாய்த்தது. நாம் பன்முறை விண்ணப்பித்தும் கல்லூரி அலுவலகத்துக் குமாஸ்தாவின் செவியை எட்டவில்லை. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து அவ்வாண்டு ஜூன் திங்களில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டைக் காத்தது.

அடுத்து வந்த சட்டங்களை யாவரும் அறிவர். 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கல்வி நிலையத்திலும் அதன் விடுதியிலும் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. 1976 இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1989 இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் கல்லூரிக்குள் நடைபெறும் கொடுமை பெரும்பாலும் காவல் நிலையத்தில் சொல்லத்தக்க வடிவில் நிகழ்வதில்லை. வாய்மொழித் தேர்வில் நான்கு மதிப்பெண் குறைப்பதை எந்தப் பிரிவில் பதிவது? மதிப்பெண் சான்றை 'நாளை வா' என்று நாற்பது நாள் வைத்திருப்பதை எந்தக் காவலர் எழுதிக்கொள்வார்? இத்தகைய குறைக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வழி வேண்டும். அவ்வழியோ நெடுங்காலம் 'தக்க வழியாக' என்ற இரு சொற்களில் அடங்கியிருந்தது. துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு, முதல்வர் வழியாகப் பதிவாளருக்கு. குறை துறைத்தலைவர் மீதே என்றால், அவர் கையொப்பமிட்டு மேலனுப்பினால்தான் அவர்மீது குறைகூற இயலும்!

இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. 2001 இல் தொடங்கிய நம் சங்கத்தின் மூன்றாம் ஆண்டு முடிந்திருந்த வேளை, 2004 இல், நம் விடுதியில் தங்கிப் படித்த இயற்பியல் மாணவர் ஒருவர் எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் நன்கு தேறி, செய்முறைத் தேர்வில் மட்டும் மூன்று முறை தோல்வியுற்றார். வாய்மொழி வினாவின்போது அவர் தந்தையின் தொழில் என்ன என்று கேட்கப்பட்டது. நாம் கொதித்தெழுந்து ஆறு பக்கம் விண்ணப்பம் எழுதினோம். அதில் ஆயிரமாண்டு அடிமை வரலாறு இருந்தது, மேற்கோள்கள் இருந்தன, தேர்வு நடந்த நாள் இல்லை, என்ன பரிகாரம் வேண்டும் என்பதும் இல்லை. 'தக்க வழியாக வரவில்லை' என்ற ஒரு வரிக் குறிப்புடன் அது திரும்பி வந்தது. திருப்பியவர்களைப் பழித்தோம், எழுதியவர்களைப் பழிக்க எமக்குச் சில வாரங்கள் ஆயின.

பின்னர் நம் சங்கத்து உறுப்பினரும் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக எழுத்தருமான பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கினார். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. மூன்று தேர்வுகளின் நாள், ஒவ்வொன்றிலும் பெற்ற மதிப்பெண், கேட்கப்பட்ட வினா, உடனிருந்தோர், இணைப்பாக மதிப்பெண் பட்டியல்களின் நகல் என்று வரிசைப்படுத்தினார். இறுதியில் ஒரே வேண்டுகோள்: வெளிக் கல்லூரித் தேர்வாளர் முன்னிலையில் மறுதேர்வு. முதல்வருக்கு ஒரு படி, நேராகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு படி, இரண்டும் ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில். அட்டைகள் திரும்பி வந்த நாளில் அம்மாணவர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தார். ஏழு வாரம் கழித்து மறுதேர்வு ஆணை வந்தது. தேறினார். இன்று அரசுப் பள்ளியொன்றில் ஆசிரியர்.

அதே துறையில் அதே துன்பத்தைப் பட்ட மற்றொரு மாணவரும் நம் விடுதியில் இருந்தார். 'என் பெயரும் அதில் வருமா ஐயா?' என்று அவர் கேட்டார். வரும் என்றோம். கையொப்பமிட அவர் இசையவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றவர் திரும்பி வரவில்லை. கோயமுத்தூர்க் கலாசாலைச் செய்தியை நாம் அந்நாளில் அறிந்திருந்தால் அவரிடம் வேறு விதமாகப் பேசியிருப்போம்.

அக்காலத்தில் நம் கையில் இல்லாத கருவிகள் பல பின்னர் வந்தன. 2005 இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. திருத்திய விடைத்தாளும் அச்சட்டத்தின்படி தகவலே, எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று 2011 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேராசிரியர் தொராட் தலைமையிலான குழு, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைப் பற்றி 2007 இல் அளித்த அறிக்கையில், நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியிலேயே வகுப்பறை, வாய்மொழித் தேர்வு, விடுதி, உணவுக்கூடம் எங்கும் பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர் வேறுபடுத்தப்படுவதாகக் கூறியதைப் பதிவு செய்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2012 இல் சமத்துவ விதிகளை வெளியிட்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாடு தடுக்கும் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும், 60 நாளில் முடிவு தரவேண்டும் என்றது. விதி தாளில் இருந்தது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா மறைந்தார். விடுதியினின்று வெளியேற்றப்பட்டிருந்த அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது. துணைவேந்தருக்கு முந்திய மாதமே அவர் எழுதிய கடிதமும் இருந்தது. அவருடைய அன்னையும், 2019 இல் மும்பையில் மறைந்த மருத்துவ மாணவி ஒருவரின் அன்னையும் அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். அவ்வழக்கின் தூண்டுதலால் 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய சமத்துவ விதிகளை வெளியிட்டது; எதிர்ப்பு எழவே, அதே திங்களில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. மாணவர் படவேண்டிய முறையீட்டை அன்னையர் படவேண்டி வந்ததே என்பதுதான் நம் நெஞ்சை அறுப்பது.

பொதுவான குறைகளுக்கு 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகள் ஓரளவு தெளிவானவை. சான்றிதழைப் பிடித்து வைத்தல், அறிவித்ததற்கு மேல் கட்டணம் கேட்டல், இடஒதுக்கீட்டை மீறுதல், உதவித்தொகையைத் தராமலோ தாழ்த்தியோ இருத்தல், தேர்வு முடிவைத் தாமதித்தல், பாகுபாடு காட்டுதல் ஆகியவை குறைகளாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு அமையவேண்டும். தலைவரோ உறுப்பினரோ ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் பட்டியல் வகுப்பு, பழங்குடி அல்லது பிற்பட்ட வகுப்பினராகவும் இருத்தல் வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் என்று அண்ணல் 1927 இல் கேட்டதன் ஒரு சிறு துளி இது. குழு 15 வேலை நாளில் அறிக்கை தரவேண்டும். அதன் படி மாணவருக்கும் வரவேண்டும். அதில் நிறைவில்லையெனில் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அப்பதவியில் இருப்பார். அவர் 30 நாளில் முடிக்க முயலவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். மதிப்பெண் பற்றிய குறையை, மறுமதிப்பீடு வேண்டும் என்று மட்டும் எழுதினால் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ குறிப்பிட்ட பாகுபாட்டு நிகழ்ச்சியையோ சுட்டிக்காட்ட வேண்டும் என்று விதி கூறுகிறது. 2004 இல் நம் ஆறு பக்கத்தில் இல்லாதது அதுதான். விதிகளிலும் குறையில்லாமல் இல்லை. பொய் முறையீடு என்று கருதப்பட்டால் முறையிட்டவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்ற வரி நம் பிள்ளைகளை அச்சுறுத்தவே பயன்படுகிறது. 2024 இல் 150 க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் குறைதீர்ப்பாளரையே அமர்த்தவில்லை என்று மானியக் குழுவே பட்டியல் வெளியிட்டது. உள்ளேயுள்ள வழி அடைபட்டால் அரசமைப்பின் 338 ஆம் பிரிவின்படி அமைந்த தேசியப் பட்டியல் வகுப்பினர் ஆணையத்துக்கும், 2021 இல் தமிழகத்தில் அமைந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். தேசிய ஆணையத்துக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைத் தருவிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.

தாலுகா அலுவலகப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் தொடங்கிய முறையீட்டுப் பதிவேடு சங்க அறையின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தின் படியும், ஒப்புகையும், விடை வந்த நாளும், விடை வராதவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடும் அதில் உள்ளன. பதிவு அஞ்சல் 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டமையால் பழைய அட்டைகளோடு இப்போது வேறு வகைச் சீட்டுகள் ஒட்டப்படுகின்றன. இணையத்தில் பதியும் குறைகளுக்குக் கிடைக்கும் பதிவெண்ணையும் எழுதி வைக்கிறோம். இந்தக் கல்வியாண்டின் உதவித்தொகை இன்னும் வந்து சேராத மாணவர்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலுடனும் கல்லூரி கொடுத்த கட்டணச் சீட்டுடனும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வரலாம். பெயர் எழுத அஞ்சுவோரும் வரலாம். அவர்களோடு முதலில் பேசிக்கொண்டிருப்போம்.